மூச்சு முன்னால் ஓடும், கால் பின்னால்தான் வரும்

ஓட்டத்தை நிறுத்தி அஞ்சாறு மாதம் ஆகிவிட்டது, உடம்பில் இருந்ததெல்லாம் போய்விட்டது, இனி அரிச்சுவடியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போதெல்லாம் உடனே மறுத்துப் பேசத் தோன்றுகிறது. எல்லாம் போகாது. போவதும் எல்லாம் ஒன்றாகப் போகாது, திரும்புவதும் ஒன்றாகத் திரும்பாது. மூச்சு சீக்கிரம் போகும், சீக்கிரம் திரும்பும். கால் அப்படி இல்லை, அதிலும் எலும்பும், தசையை எலும்போடு பிணைக்கிற தசைநாணும் தனிக் கணக்கு வைத்திருக்கின்றன. இந்த ரெண்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி விழுகிறதே, அங்கேதான் முக்கால்வாசிப் பேர் அடிபடுகிறார்கள். இந்த ஆறு மாதமாக நான் படித்ததும் அனுபவித்ததும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என் கதை பெரிதாக ஒன்றுமில்லை. எனக்கு 46 வயது, சேலத்தில்தான் இருக்கிறேன், சில வருடங்களாக ஓடுகிறேன். போன ஆடியில், கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு ஊரே களைகட்டியிருந்த நேரத்தில், அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிவு. ஆபரேஷன், ஆஸ்பத்திரி, அப்புறம் வீட்டில் கட்டில், மருந்து நேரம், பிசியோதெரபி என்று வருடத்தின் மிச்சம் அப்படியே போனது. விடிகாலை ஓடுகிற நேரமாக இருந்தது போய், அம்மாவுக்கு உடம்பு துடைத்துவிட்டுத் துணி மாற்றுகிற நேரமானது. அதை ஒரு நாளும் நான் இழப்பாக நினைத்ததில்லை. தை பிறந்ததும் அம்மாவே சொல்லிவிட்டார்: “நீ போயிட்டு வா கண்ணு. நீ வர்ற வரைக்கும் வாக்கரத் தொட மாட்டேன், படுத்தேதான் இருப்பேன்.”

கன்னங்குறிச்சி மூக்கனேரிப் பக்கம்தான் முதலில் போனேன். தை மாதக் குளிர், சேர்வராயன் மலை பாதிக்கு மேல் மேகத்துக்குள் இருந்தது, ஓடுவதற்கு இதைவிட நல்ல காலை சேலத்தில் கிடைக்காது. கால் நன்றாகத்தான் இருந்தது, நல்லா ஓய்வெடுத்த கால், எங்கேயும் வலி இல்லை, பிடிப்பு இல்லை. ஆனால் கரையில் கொஞ்ச தூரம் போவதற்குள் மூச்சு தொண்டைக்கு வந்துவிட்டது. நிறுத்துவதற்கு முன்னால், கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம் என்று ஓடினால் இதயத் துடிப்பு 140 பக்கம் இருக்கும், கூட வருகிறவர்களோடு பேசிக்கொண்டே போவேன். அன்றைக்கு எட்டு நிமிட வேகத்துக்கே வாட்ச் 165 காட்டியது. வாயைத் திறந்து ரெண்டு வார்த்தை சேர்த்துச் சொல்ல முடியவில்லை.

இது ஏன் என்று தெரிந்துகொண்டதில்தான் எனக்குப் பாதி பயம் போனது. தொடர்ந்து ஓடுகிறவர்களுக்கு ரத்தத்தின் அளவே கூடியிருக்கும், முக்கியமாக அதில் இருக்கிற நீர்ப்பகுதி, பிளாஸ்மா என்பார்கள். ரத்தம் நிறைய இருந்தால் ஒவ்வொரு துடிப்புக்கும் இதயத்துக்குள் நிறைய வந்து நிறையும், நிறைய வெளியே போகும், அதனால் துடிப்பு குறைவாக இருந்தாலே போதும். ஓட்டத்தை நிறுத்தினால் உடம்பு முதலில் கைவைப்பது இந்த நீரில்தான், அதுவும் சில நாட்களுக்குள்ளேயே. கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டால் நல்ல மோட்டாரும் காற்றைச் சேர்த்து இழுத்துக்கொண்டு கத்துமே, அந்த நிலைமைதான். மோட்டார் கெட்டுப்போகவில்லை.

1984இல் அமெரிக்காவில் எட்வர்ட் காயில் என்பவரும் அவரது சகாக்களும், நன்றாகப் பயிற்சி பெற்ற 7 பேரை முழுக்க நிறுத்த வைத்து 84 நாள் அளந்து பார்த்திருக்கிறார்கள். உடம்பு அதிகபட்சமாக எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்கிற அளவு முதல் 21 நாளில் 7 சதவீதம் குறைந்தது, 56ஆவது நாளில் 16 சதவீதம். அதற்கப்புறம் 84 நாள் வரைக்கும் பெரிதாக இறங்கவில்லை, அங்கேயே நின்றுவிட்டது. ஆரம்பத்தில் இறங்கியது பெரும்பாலும் இதயம் ஒரு துடிப்புக்கு வெளியே தள்ளுகிற ரத்தம் குறைந்ததால். பிந்தி இறங்கியதில் தசைக்குள் ஆக்சிஜனை எரிக்கிற வேலை மந்தமானதற்குப் பங்கு உண்டு. ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு ஒன்று: தசைக்குள் இருக்கிற நுண்ணிய ரத்தக் குழாய்கள், வருடக்கணக்கில் ஓடி உண்டானவை, அந்த 84 நாளிலும் குறையவே இல்லை. அந்தப் பேர்களை ஓடியே பழகாதவர்களோடு ஒப்பிட்டால், அத்தனை நாள் சும்மா இருந்த பிறகும் இவர்கள்தான் மேலே இருந்தார்கள்.

இதைப் படித்த அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் நன்றாக வந்தது. நான் மூக்கனேரிக் கரையில் மூச்சு வாங்கி நின்றபோதும், புதிதாக ஓட ஆரம்பிக்கிற ஒருத்தி அல்ல. குழாயெல்லாம் போட்டபடியே இருக்கிறது, தண்ணீர்தான் குறைவு.

அம்மாவோடு இருந்ததால் இன்னொரு ஆராய்ச்சியும் மனசில் நின்றுவிட்டது. 1966இல் அமெரிக்காவில் டல்லாஸ் நகரத்தில் 20 வயதுப் பையன்கள் 5 பேரை 3 வாரம் கட்டிலிலேயே படுக்க வைத்துப் பார்த்தார்கள். ஆக்சிஜன் பயன்படுத்துகிற திறன் கால் பங்குக்கு மேல் போய்விட்டது. அதே 5 பேரை 30 வருடம் கழித்துக் கூப்பிட்டு அளந்தார்கள், 30 வருட வயோதிகம் செய்ததைவிட அந்த 3 வாரப் படுக்கை அதிகம் செய்திருந்தது. இதைத் தெரிந்த பிறகு, அம்மாவை எழுந்து நடக்க வைப்பதில் பிசியோதெரபிஸ்ட் ஏன் ஆபரேஷனான கையோடு அவ்வளவு பிடிவாதமாக இருந்தார் என்பது எனக்கு முழுசாக விளங்கியது. டெங்கு, டைபாய்டு என்று படுத்து எழுந்தவர்களுக்கும் இது பொருந்தும். வேலைப்பளுவில் ஓட முடியாமல் போனவர் மாடிப்படி ஏறிக்கொண்டும் கடைகண்ணிக்கு நடந்துகொண்டும் இருந்திருப்பார். படுத்துக் கிடந்தவருக்கு அதுவும் இல்லை. ரெண்டு பேரும் ஒரே அட்டவணையைப் பார்த்து ஓட ஆரம்பிக்கக் கூடாது.

சரி, மூச்சு எப்போது திரும்பும்? சீக்கிரம். நான் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம். போன வேகத்தில்தான் அந்த நீர் திரும்பவும் ஏறுகிறது. ஓடுவது, நடப்பது, ஓடுவது, நடப்பது என்று மாற்றி மாற்றி ஒன்றிரண்டு வாரம் போனதுமே அதே வேகத்துக்குத் துடிப்பு இறங்கியது வாட்சில் தெரிந்தது. மாசி பிறப்பதற்குள் பேசிக்கொண்டே ஓட முடிந்தது. அந்தச் சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. காலையில் எழுந்திருக்கும்போதே இன்றைக்குக் கொஞ்சம் தூரம் சேர்க்கலாம், கொஞ்சம் வேகம் சேர்க்கலாம் என்று உடம்பே கேட்கும்.

இந்த இடத்தில்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்கிறேன். மூச்சு சரியாகிவிட்டது என்பதற்காகக் குதிகாலுக்கு மேலே இருக்கிற தசைநாண், நாம் பேச்சுவழக்கில் குதிகால் நரம்பு என்கிறோமே, அது தயாராகிவிட்டது என்று அர்த்தமில்லை. அதற்கு ரத்த ஓட்டம் குறைவு, எல்லாமே அங்கே மெதுவாகத்தான் நடக்கும், பலப்படுவதற்கு மாதக்கணக்கு ஆகும். எலும்பு இன்னும் ஒருபடி மேலே. புதிதாகச் சுமை விழுந்தால் எலும்பு பழையதை முதலில் அரித்து எடுத்துவிட்டுத்தான் அந்த இடத்தில் புதிதாகக் கட்டும். அரித்து எடுக்கிற வேலை சில வாரத்தில் முடிந்துவிடும், கட்டி இறுகுவதற்கு மாதங்கள் ஆகும். அப்படியானால் திரும்ப ஓட ஆரம்பித்து ஒரு மாதம் ஆகி, மூச்சு பிரமாதமாக இருந்து, மனசும் துள்ளுகிற அந்த வாரங்களில்தான் எலும்பு கொஞ்சம் இளகிய நிலையில் இருக்கிறது. எங்களோடு ஓடுகிற ஒரு அக்காவுக்கு இதுதான் நடந்தது. காய்ச்சலில் விழுந்து எழுந்து வந்தார், மூச்சு திரும்பியதும் எங்களையெல்லாம் பின்னால் விட்டுவிட்டுப் போனார், அப்புறம் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் ஒரே இடத்தில், விரல் வைத்துக் காட்டுகிற மாதிரி ஒரு வலி. எலும்பில் கீறல். நடப்பதற்கே பல வாரம் ஆனது. அவர் சோம்பேறியாக இருந்ததால் வந்த வலி இல்லை அது. ஓட்டத்தின் மேல் அவ்வளவு ஆசை.

காந்தி ஸ்டேடியத்துக்கு ரிட்டயரான பி.டி. மாஸ்டர் ஒருவர் வருவார். எழுபதைத் தாண்டியவர், இப்போது ஓடுவதில்லை, கையில் ஒரு துண்டோடு டிராக்கின் ஓரத்தில் நடந்துகொண்டே எல்லோரையும் பார்த்துக்கொண்டிருப்பார். நான் திரும்ப வந்ததைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். “ஏம்மா, மூச்சு வந்துருச்சா?” என்றார். வந்துவிட்டது மாஸ்டர் என்றேன். “அது வந்துரும். அது சொல்றதக் கேட்டு ஓடாதீங்க. ராத்திரி தூங்கி எந்திரிச்சுக் கட்டிலை விட்டுக் காலக் கீழ வைக்கிறீங்க பாருங்க, அந்த மொத அடி என்ன சொல்லுதுன்னு கேளுங்க.”

எந்தப் புத்தகத்திலும் இதைவிட எளிமையாக எனக்கு யாரும் சொன்னதில்லை. காலை முதல் அடி. குதிகாலில் விறைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாலைந்து அடியில் விட்டுவிட்டால் மெதுவாக ஓடலாம். சமையலறைக்குப் போய்ப் பால் வைத்த பிறகும் விறைப்பு இருந்தால் அன்றைக்கு நடை மட்டும், ஓட்டம் இல்லை, அவ்வளவுதான். வாரம் 10 சதவீதத்துக்கு மேல் தூரத்தைக் கூட்டாதே என்று எல்லோரும் ஒரு விதி சொல்வார்கள். நல்ல எண்ணத்தில் சொல்வதுதான், ஆனால் 2008இல் நெதர்லாந்தில் புதிதாக ஓடுகிறவர்கள் 500க்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பார்த்ததில், அந்த விதிப்படி மெதுவாகக் கூட்டினவர்களுக்கும் கூட்டாதவர்களுக்கும் அடிபட்டதில் வித்தியாசமே இல்லை. ரெண்டு பக்கமும் ஐந்தில் ஒருவருக்கு அடிபட்டிருக்கிறது. எண்ணைப் பார்த்துக் கூட்டுவதைவிட மறுநாள் காலையைப் பார்த்துக் கூட்டுவது மேல் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

அப்புறம் படிக்கட்டு. எங்கள் வீட்டில் சமையலறையிலிருந்து பின்வாசலுக்கு இறங்க ஒரு சிமெண்ட் படி இருக்கிறது, விளிம்பு கொஞ்சம் தேய்ந்து வழுவழுப்பாக இருக்கும். அதன் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் வைத்து, நிலைக்கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, குதிகாலை மெதுவாகக் கீழே இறக்கி, ரெண்டு காலாலும் ஏறி, மறுபடி ஒற்றைக்காலால் இறக்க வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் 15 தடவை, அதே மாதிரி 3 சுற்று. இறங்குவதுதான் மருந்து, அதனால் இறங்கும்போது அவசரப்படக் கூடாது, மனசுக்குள் நாலு எண்ணலாம். பால் பொங்குவதற்குள் ஒரு கால் முடிந்துவிடும். பார்ப்பவர்களுக்கு ஒன்றும் செய்யாமல் நிற்கிற மாதிரிதான் இருக்கும், ஆனால் கெண்டைக்கால் நடுங்கும். எனக்கு இன்றைக்கு வரைக்கும் குதிகால் தொல்லை இல்லை என்றால் அதற்கு ஓட்டத்தைவிட அந்தப் படிக்குத்தான் பெருமை சேர வேண்டும். ஏற்கனவே அந்த இடத்தில் வீக்கமோ கடும் வலியோ இருக்கிறவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

மாசி, பங்குனியில் இன்னொரு குழப்பம் வரும், சேலத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். தையில் ஆரம்பிப்பவருக்கு உடம்பு வாராவாரம் தேறிக்கொண்டு வரும், ஆனால் வெயிலும் வாராவாரம் ஏறிக்கொண்டு வரும். ரெண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். காலை ஆறு மணிக்கே வியர்வை கண்ணுக்குள் இறங்குகிற ஊர் இது, சுற்றிலும் மலை, காற்றே வராத நாட்கள் உண்டு. சூட்டில் உடம்பு ரத்தத்தில் ஒரு பகுதியைத் தோலுக்கு அனுப்பிக் குளிர வைக்கிறது, அதனால் அதே வேகத்துக்கு இதயம் பத்துத் துடிப்பு கூடுதலாக அடிப்பது சாதாரணம். வாட்சைப் பார்த்தால் ஒரு மாதமாக முன்னேற்றமே இல்லாத மாதிரி இருக்கும். எங்கள் குழுவில் நல்லாத் திரும்பி வந்துகொண்டிருந்த ஒரு தம்பி, பங்குனியில் ‘எனக்கு இனிமே வராதுங்க்கா’ என்று விட்டுவிட்டான். அவனுக்கு வந்துகொண்டுதான் இருந்தது, வெயில் அதை மூடி வைத்திருந்தது. சூட்டுக்கு உடம்பு பழகப் பத்து முதல் பதினாலு நாள் தொடர்ந்து ஓட வேண்டும், பழகும்போது அந்த நீர்ப்பகுதியும் சேர்ந்து கூடும், அது நமக்கு லாபம். நான் அந்த மாதங்களில் கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்று பார்ப்பதையே விட்டுவிட்டேன். பேச முடிகிறதா, சரி, இந்த வேகம் போதும்.

எவ்வளவு ஓடியும் மூச்சு திரும்பவே இல்லை, படியேறினாலே படபடப்பு என்றால் ஓட்டத்தை விட்டுவிட்டு முதலில் ரத்தத்தைப் பாருங்கள். குறிப்பாகப் பெண்களுக்குச் சொல்கிறேன். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. ஆக்சிஜனைத் தூக்கிக்கொண்டு போவது ஹீமோகுளோபின், அது குறைவாக இருந்தால் எந்தப் பயிற்சித் திட்டமும் எடுபடாது. ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டின் என்கிற சோதனையையும் சேர்த்துக் கேளுங்கள், சேமிப்பில் இரும்புச் சத்து எவ்வளவு இருக்கிறது என்று அது சொல்லும். நாம் சாப்பிட்ட கையோடு காபி குடிக்கிற பழக்கக்காரர்கள். காபியும் டீயும் சாப்பாட்டிலிருக்கிற இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கும். ஏற்காட்டுக் காபி எனக்கு உயிர், அதை விடவில்லை, சாப்பாட்டுக்கும் காபிக்கும் நடுவில் ஒரு மணி நேரம் இடைவெளி விட்டிருக்கிறேன்.

ஏற்காடு என்றதும் மலைக்கு வந்துவிட்டேன், உண்மையில் இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். பங்குனியில் முதல் மழை விழுந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் குழு பஸ் ஏறி மேலே போனது. காபிச் செடியில் கிளை நெடுக வெள்ளையாகப் பூத்திருந்தது, பூ இருக்கிற இடத்தில் இலைக்காம்பே தெரியவில்லை, மல்லிகை மாதிரி ஒரு வாசனை ரோடு வரைக்கும் வந்தது. ஏரியிலிருந்து சேர்வராயன் கோயில் பக்கம் ஏறுகிற ரோட்டில் ஓடினோம். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500 மீட்டருக்கும் கொஞ்சம் மேல், கோயில் இருக்கிற இடம் 1,600 மீட்டரைத் தாண்டும். ஏரிப் பக்கத்திலேயே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிற ஆக்சிஜன் கீழே கிடைப்பதைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. மூச்சு வாங்கத்தான் செய்யும். ஆனால் ஏழெட்டு டிகிரி குளிர்ச்சி அதை ஈடுகட்டிவிட்டது, சில்வர் ஓக் மர நிழலில் மிளகுக் கொடிகளுக்கு நடுவே போகிற அந்த ரோட்டில் வாட்ச் காட்டிய துடிப்பு, சேலத்தில் அந்த வாரம் காட்டியதைவிடக் குறைவு. பங்குனி முழுக்க வெயில் மறைத்து வைத்திருந்த முன்னேற்றம் அங்கே கண்ணுக்குத் தெரிந்தது.

அதைவிட முக்கியமாக, மலை எனக்கு ஒரு வழியைக் காட்டியது. மூச்சு தயாராகிவிட்டது, எலும்பு இன்னும் தயாராகவில்லை என்கிற நிலையில் மூச்சுக்கு மட்டும் எப்படி வேலை கொடுப்பது? மேட்டில் ஏறினால் போதும். மேட்டில் ஓடும்போது வேகம் குறைவு, ஒவ்வொரு அடியிலும் கால் தரையில் விழுகிற உயரமும் குறைவு, அதனால் எலும்புக்கும் முட்டிக்கும் அதிர்ச்சி குறைகிறது, ஆனால் இதயமும் நுரையீரலும் முழு வேலை செய்கின்றன. அடிவாரத்திலிருந்து ஏறுகிற மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 20, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். விடிந்ததும் அங்கே போய், ஓட முடிகிற வரைக்கும் ஓடி, முடியாதபோது வேகமாக நடந்து, சில வளைவுகள் ஏறுவேன். என் தம்பி டூவீலரில் பின்னாலேயே வந்து, நிற்கச் சொன்ன இடத்தில் ஏற்றிக்கொண்டு கீழே கொண்டுவந்து விடுவான். குதிகால் நரம்புக்கும் கெண்டைக்காலுக்கும் மேட்டில் இழுப்பு அதிகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பின்வாசல் படியில் சில வாரம் நின்ற பிறகுதான் மலைக்குப் போனேன்.

இறங்குவது மட்டும் வண்டியில்தான், அதில் நான் கறாராக இருக்கிறேன். கூட வருகிற பையன்கள் ஏறுவதைவிட இறங்குவதில் குஷியாகிவிடுவார்கள், மூச்சே வாங்காதே, காற்று மாதிரி வருவார்கள். இறக்கத்தில் தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்க வேண்டும், தசை இழைகளில் நுண்ணிய சேதம் விழுவது அப்படித் தாங்கும்போதுதான். அன்றைக்கு ஒன்றும் தெரியாது, ரெண்டாம் நாள் மாடிப்படி இறங்கும்போதுதான் தெரியும். ஒருமுறை இறக்கத்தில் ஓடியிருந்தால் சில வாரங்களுக்குத் தசைக்கு ஒரு காப்பு கிடைக்கிறது, அடுத்தமுறை அவ்வளவு வலிக்காது. ஆனால் மாதக்கணக்கில் ஓடாமல் இருந்தவருக்கு அந்தக் காப்பும் போயிருக்கும். அதனால் மூச்சும் காலும் ஒன்றாகச் சேர்கிற வரைக்கும் இறக்கம் வேண்டாம். சமதரையில் முதலில், பிறகு கோரிமேடு பக்கம் லேசாகச் சரிகிற ரோட்டில், அப்புறம்தான் மலை.

முழுசாக நிறுத்த வேண்டிய கட்டாயம் இல்லாதவர்களுக்கு ஒரு தகவல். பரீட்சை, கல்யாண வேலை, நைட் ஷிஃப்ட் என்று நேரம் சுருங்கினாலும் வாரம் ரெண்டு நாள் ஓடினால் பெரும்பகுதியைக் காப்பாற்றிக்கொள்ளலாம். ராபர்ட் ஹிக்சன் என்பவர் 1980களில் இதைச் செய்து காட்டினார்: வாரம் 6 நாள் பயிற்சி செய்துகொண்டிருந்தவர்கள் 2 நாளாகக் குறைத்தபோதும் 15 வாரம் வரை திறன் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. ஒரே நிபந்தனை, அந்த ரெண்டு நாளும் பழைய கடுமையோடு ஓட வேண்டும். நாளைக் குறைக்கலாம், வேகத்தைக் குறைத்தால் நிற்காது.

இப்போது ஆனி. காலையில் மேகம் மூட ஆரம்பித்துவிட்டது, பழைய வேகத்துக்குக் கிலோமீட்டருக்கு அரை நிமிடம் இருக்கிறது, எனக்கு அவசரமில்லை. அம்மா வாக்கரை விட்டுவிட்டுக் கைத்தடிக்கு வந்துவிட்டார், சாயங்காலம் தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரைக்கும் நானும் கூடப் போகிறேன். காலை முதல் அடி எப்படி இருக்கிறது என்று இப்போது ரெண்டு பேரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறோம்.

மேலே கோடை விழாக் கூட்டம் எல்லாம் ஓய்ந்துவிட்டதால் மலைப்பாதையில் காலை நேரத்தில் வண்டி குறைவு. வருகிற ஞாயிற்றுக்கிழமை அஞ்சே முக்காலுக்கு அடிவாரத்திலிருந்து ஏறுகிறோம், ஆறாவது வளைவு வரைக்கும்தான். ரொம்ப நாள் ஓடாமல் இருந்து திரும்ப ஆரம்பித்திருக்கிறவர்கள் தாராளமாக வரலாம், நடந்தே ஏறினாலும் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். பளிச்சென்று தெரிகிற நிறத்தில் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், வளைவில் வெளி ஓரமாகவே ஏறுங்கள், மேலேயிருந்து வருகிறவருக்கு உள் ஓரத்தில் இருப்பவர் தெரியமாட்டார். குரங்குத் தொல்லை உண்டு, கையில் வாழைப்பழம் எதுவும் வேண்டாம், தண்ணீர் மட்டும் போதும். தம்பியின் வண்டியில் ஒருவருக்குத்தான் இடம், இறங்குவதற்கு உங்கள் வீட்டிலிருந்து யாரையாவது வரச் சொல்லிவிடுங்கள்.